ஷாலன்பிளெண்டு: மெருகைப் பார்த்து வாங்குவதா, சீட்டைப் பார்த்து வாங்குவதா?

சென்னையில் வசிக்கும் ஓர் அன்பர் கேட்டிருக்கிறார்: ஐரோப்பாவின் பழைய துத்தநாகச் சுரங்கங்களிலிருந்து வந்த, ஷாலன்பிளெண்டு என்ற, பட்டை பட்டையான தாதுக்கல்லின் வெட்டி மெருகேற்றிய துண்டுகள் இரண்டு அவருக்கு விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று உள்ளங்கையைவிடப் பெரியது, கண்ணாடிபோல் மின்னுகிறது, அதைப் பற்றி விற்பவர் சொல்லும் ஒரே தகவல் ‘போலந்து’ என்பதுதான். மற்றொன்று அதில் பாதி அளவு, மெருகு மங்கியிருக்கிறது, ஆனால் ‘மோரஸ்னெட்’ என்று பழைய கையெழுத்தில் எழுதிய சீட்டு உடன் வருகிறது. இரண்டுக்கும் ஒரே விலை. எதை வாங்குவது, போலந்துச் சுரங்கம் மூடப்பட்டுவிட்டதால் விலை ஏறுமா, சென்னைக் காற்றில் இவை கெடாமல் இருக்குமா என்று அவர் கேட்கிறார். மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும், இப்படிப்பட்ட கல்லில் நிலைத்து நிற்கும் மதிப்பு எதில் இருக்கிறது என்ற ஒரே கேள்விதான் மூன்றுக்கும் அடியில் இருக்கிறது. தாதுக் கனிமவியலில் பயிற்சி பெற்று, மெருகேற்றிய தாது வெட்டுகளை நுண்ணோக்கியில் பார்ப்பதையே பல ஆண்டுகள் தொழிலாகக் கொண்டிருந்தவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெருகு போனால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். சீட்டு போனால் அந்தத் தகவலை எங்கிருந்தும் மீட்க முடியாது. கல்லிலுள்ள மார்க்கசைட் என்ற இரும்புக் கனிமத்தின் பட்டை உதிரத் தொடங்கிவிட்டாலோ இவை இரண்டும் கல்லைக் காப்பாற்றாது.

ஷாலன்பிளெண்டு தனியொரு கனிமம் அன்று. துத்தநாக சல்பைடான ஸ்பாலரைட்டும், அதே வேதிப்பொருள் வேறு படிக அமைப்பில் அமைந்த உர்ட்சைட்டும், காரீய சல்பைடான கலீனாவும், இரும்பு சல்பைடான மார்க்கசைட்டும் பைரைட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய பட்டைகளாகப் படிந்த தாதுக்கல் அது. போலந்தின் மேல் சிலேசியா, கிராகோவ் வட்டாரத்தில் இது டிரையாசிக் என்ற தொல் புவியியல் காலத்தின் நடுப்பகுதியில் உண்டான, சுண்ணாம்புக்கல்லை ஒத்த டோலமைட் பாறைகளுக்குள் கிடைக்கிறது. பூமியின் ஆழத்தில் சூடாகிய உப்புநீர் துத்தநாகத்தையும் காரீயத்தையும் கரைத்துச் சுமந்துகொண்டு பாறை வெடிப்புகள் வழியாக மேலேறி, கந்தகம் கிடைக்கும் இடத்தை அடைந்ததும் தன் சுமையை இறக்கிவைத்தது. படிகங்களுக்குள் சிறைப்பட்ட நுண்ணிய திரவத் துளிகளை ஆராய்ந்து பார்த்தவர்கள் அந்த நீரின் வெப்பம் ஏறத்தாழ 100 பாகை செல்சியசை ஒட்டி இருந்ததாகக் காண்கிறார்கள். உடைந்த டோலமைட் துண்டுகளைச் சுற்றியும் குகை போன்ற வெற்றிடங்களின் சுவர்களிலும் தாது அடுக்கடுக்காகப் படிந்ததால்தான், வெட்டிப் பார்க்கும்போது இந்த வளைந்த பட்டைகள் தெரிகின்றன.

இதுவரை சொன்னதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. இந்தப் பட்டைகள் எவ்வாறு தோன்றின என்பதைப் பொறுத்தவரை நெடுங்காலம் நிலவிய கருத்து வேறு. பழைய நூல்கள், தாது முதலில் கூழ்போன்ற நிலையில் படிந்து பிறகு இறுகியது என்று எழுதின. விற்பனைக் குறிப்புகள் பலவும் இன்றுவரை அதையே திருப்பிச் சொல்கின்றன. 1968-இல் அமெரிக்கப் புவியியலாளர் எட்வின் ரோடர் ஸ்பாலரைட் தாதுக்களை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாகச் சீவி ஆராய்ந்து, பட்டைகளைக் கடந்து படிகங்கள் தொடர்ச்சியாக வளர்ந்திருப்பதைக் காட்டினார். எனவே அவர் பார்த்த பட்டைகள் கூழ் இறுகியதால் உண்டானவை அல்ல. கரைசலிலிருந்து நேரடியாக வளர்ந்தவை. எல்லாத் தாதுக்களுக்கும் இந்த முடிவை அப்படியே நீட்டிவிட முடியாது. ஆனால் ‘கூழிலிருந்து வந்தது’ என்பதை நிறுவப்பட்ட உண்மைபோல் சொல்லும் குறிப்பை நம்ப வேண்டியதில்லை. போலந்துத் தாதுவின் வயதும் இதேபோல் முடியாத வழக்குதான். கிரெட்டேசியக் காலத் தொடக்கம், அதாவது ஏறத்தாழ 13.5 கோடி ஆண்டு, என்று ஓர் ஐசோடோப்பு அளவீடு சொல்கிறது. நில அமைப்பைக் கொண்டு அதைவிட மிக இளையது என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். ஆகவே துல்லியமான வயதைச் சீட்டில் அச்சடித்து விற்பவரிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள்.

‘ஸ்பாலரைட், உர்ட்சைட், கலீனா’ என்று மூன்றையும் வரிசையாக எழுதும் வழக்கமும் அப்படித்தான். உர்ட்சைட் இந்தத் தாதுவில் இருப்பது உண்மை. ஆனால் முதலில் உர்ட்சைட்டாக வளர்ந்த பகுதி காலப்போக்கில் ஸ்பாலரைட்டாக மாறிவிடுவதும் உண்டு. அப்போது நார் நாரான வெளித்தோற்றம் மட்டும் பழைய அமைப்பின் தடமாக எஞ்சும். உங்கள் கையிலிருக்கும் துண்டில் எந்தப் பட்டை உர்ட்சைட் என்பதை எக்ஸ்கதிர்ச் சோதனையோ, ஒளி ஊடுருவும் மெல்லிய வெட்டோ இல்லாமல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வெறும் கண்ணால் பார்த்துச் சொல்பவர் ஊகித்துத்தான் சொல்கிறார்.

கண்ணாலும் பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு லென்சாலும் உறுதியாகத் தெரிந்துகொள்ளக்கூடியவை நிறைய இருக்கின்றன. வாங்கும் முன் அதற்கு நேரம் ஒதுக்குங்கள். ஜன்னலோரம் நின்று துண்டை மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். வெளிர் மஞ்சளிலிருந்து தேன் நிறம், செம்பழுப்பு என்று மாறிமாறி வரும் மெல்லிய வரிகள் துத்தநாக சல்பைடு. இரும்பு கூடக்கூட அந்த நிறம் கருக்கும், ஆனாலும் நிறத்துக்கு இரும்பு ஒன்றே காரணம் என்று கொள்ளக்கூடாது. அந்த வரிகளுக்கு நடுவே வெள்ளிச் சாம்பல் நிறத்தில், சில இடங்களில் பறவை இறகைப்போல் கிளைவிட்டு நிற்பது கலீனா. லென்சை அதன்மேல் கொண்டுபோனால் மெருகுப் பரப்பில் குட்டிக் குட்டி முக்கோணக் குழிகள் தென்படலாம். கலீனா மூன்று திசைகளில் செங்குத்தாகப் பிளக்கும் கனிமமாதலால், மெருகேற்றும்போது சிறு சில்லுகள் பெயர்ந்து இந்தக் குழிகள் விழுகின்றன. நுண்ணோக்கிக்காரர்கள் கலீனாவை அடையாளம் காண முதலில் தேடுவது இதைத்தான். பச்சை கலந்த வெளிர் வெண்கல நிறத்தில், பெரும்பாலும் அடுக்குகளின் விளிம்பிலோ தனிப் பட்டையாகவோ மின்னுவது மார்க்கசைட் அல்லது பைரைட். இரண்டில் எது என்பதை லென்ஸ் தீர்த்துவைக்காது. முனைவாக்கிய ஒளியில் பார்க்கும் தாது நுண்ணோக்கி நொடியில் தீர்த்துவிடும். எந்தப் பட்டை முந்தியது, எது பிந்தியது என்பதும் இங்கேயே எழுதியிருக்கிறது: டோலமைட் துண்டை ஒட்டியிருப்பது மூத்தது, வெற்றிடத்தை நோக்கிக் குமிழ்ந்திருப்பது இளையது.

இனி இடங்களைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் தேர்வு அதைப் பொறுத்தது. சந்தையில் இன்று மிகுதியாகக் கிடைக்கும் ஷாலன்பிளெண்டு போலந்தின் ஒல்குஷ் நகரை ஒட்டிய சுரங்கங்களிலிருந்து, குறிப்பாகப் பொமோஜானி சுரங்கத்திலிருந்து வந்தது. ஒல்குஷ் வட்டாரத்தில் இடைக்காலத்திலிருந்தே காரீயமும் வெள்ளியும் எடுத்து வந்தார்கள். நிலத்தடி நீரை வடிக்க நீண்ட சுரங்கக் கால்வாய்கள் வெட்டினார்கள். அதே தாது மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலுள்ள தார்னோவ்ஸ்கியே கூரி சுரங்கமும் அதன் நீர் மேலாண்மை அமைப்பும் 2017-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. பொமோஜானி அவ்வளவு பழையது அன்று. 1970-களில் உற்பத்தி தொடங்கிய நவீனச் சுரங்கம். பக்கத்திலுள்ள செபியோன்கா 2009-இல் மூடப்பட்டது. பொமோஜானியில் 2020 இறுதியில் தாது எடுப்பது நின்றது. பின்னர் பம்புகளும் நிறுத்தப்பட்டு, சுரங்கம் நீரில் மூழ்கிவிட்டது. ஆகவே அங்கிருந்து இனிப் புதிய பொருள் வராது என்று விற்பவர் சொல்வது சரிதான்.

உங்களுடைய இரண்டாவது துண்டின் ஊர் இன்னும் சுவையானது. இன்றைய பெல்ஜியத்தின் கெல்மிஸ், பழைய மோரஸ்னெட், ஆல்டன்பெர்க் என்ற துத்தநாகத் தாது மலையால் வாழ்ந்த ஊர். நெப்போலியன் காலத்தில் லியேஜ் நகரத்து ழான் ழாக் தானியேல் தோனி அங்கே சுரங்க உரிமை பெற்றுத் துத்தநாகம் உருக்கும் முறையை உருவாக்கினார். பின்னாளில் அந்தச் சுரங்கத்தை நடத்திய வியேய் மோந்தாஞ் நிறுவனம் 1837-இல் தொடங்கப்பட்டது. நெப்போலியன் வீழ்ந்தபின் இந்தச் சுரங்கம் யாருக்கு என்பதில் பிரஷியாவும் நெதர்லாந்தும் உடன்பட முடியாமல், 1816-இல் அந்தச் சிறு நிலத்துண்டை இருவருக்கும் பொதுவான நடுநிலைப் பகுதியாக விட்டுவைத்தன. ஒரு தாதுப் படிவுக்காகவே வரைபடத்தில் தோன்றிய அந்தப் பகுதி, 1920-இல் பெல்ஜியத்துடன் சேரும்வரை நீடித்தது. அதற்குள் ஆல்டன்பெர்க்கின் தாது எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.

சீட்டைப் படிக்கும்போது இந்த வரலாறு நேரடியாகப் பயன்படுகிறது. நாட்டின் பெயர் பிரஷியா என்றோ, நடுநிலை மோரஸ்னெட் என்றோ, பெல்ஜியம் என்றோ எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதிலிருந்து சீட்டின் காலத்தை ஓரளவு கணிக்கலாம். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ஆல்டன்பெர்க் தாதுப் படிவில் முதன்மையாக இருந்தவை சல்பைடுகள் அல்ல. துத்தநாகக் கார்பனேட்டும் சிலிக்கேட்டும்தான். துத்தநாகச் சிலிக்கேட்டான வில்லமைட், நெதர்லாந்து மன்னர் முதலாம் வில்லியமின் பெயரால் முதன்முதலில் அங்கிருந்தே விவரிக்கப்பட்டது. பட்டை பட்டையான சல்பைடுத் தாது பெரும்பாலும் அக்கம்பக்கச் சுரங்கங்களிலிருந்து வந்தது: கெல்மிஸை ஒட்டிய ஷ்மால்கிராஃப், எல்லைக்கு அப்பால் ஜெர்மனியின் ஸ்டோல்பெர்க் அருகிலுள்ள டீப்பன்லிங்கன் போன்றவை. புகழ்பெற்ற பெயரைப் பக்கத்துச் சுரங்கத்துக்கும் சேர்த்து எழுதிவிடுவது அக்காலச் சேகரிப்பாளர்களின் வழக்கம். ஆகவே ‘மோரஸ்னெட்’ என்ற சீட்டை அந்த வட்டாரத்துக்கான நல்ல சான்றாக எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட ஒரு சுரங்கத்துக்கான சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சீட்டே இல்லாவிட்டாலும் கல்லைப் பார்த்து ஊரைச் சொல்லிவிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. கெல்மிஸ், ஸ்டோல்பெர்க் ஆகியவை அடங்கிய ஆகன் வட்டாரத்துக் கற்களில் வெளிர் பழுப்பும் பாலேட்டு நிறமும் கலந்த மிக நுண்ணிய வரிகள் அதிகம், போலந்துக் கற்களில் கலீனாவும் மார்க்கசைட்டும் தடித்த பட்டைகளாக வரும் என்ற பொதுப் போக்கு உண்டு. போக்கு என்பதற்கு மேல் அதை நம்பக்கூடாது. ஜெர்மனியின் வீஸ்லோக், ஆஸ்திரியாவின் பிளைபெர்க், இத்தாலியின் ராய்பல் ஆகியவற்றிலும் இதே வகைத் தாது உண்டு. ஒரே சுரங்கத்தின் இரண்டு மூலைகளிலிருந்து வந்த துண்டுகள் இரண்டு நாட்டுக் கற்களைப்போல் தோன்றியதை நான் கண்டிருக்கிறேன். காரீய ஐசோடோப்பு, சுவடுத் தனிமங்கள் என்று ஆய்வகம் போனால் ஊகம் வலுப்படும்; ஆனால் ஒரு சேகரிப்பாளருக்கு அது கட்டுப்படியாகாது.

இடம் தெரிந்த மாதிரியை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஸ்பாலரைட் தன் படிக அமைப்புக்குள் வேறு தனிமங்களைச் சிறு அளவில் ஒளித்து வைத்துக்கொள்ளும் கனிமம். 1863-இல் ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் நகரத்துத் துத்தநாகத் தாதுக்களை ஆராய்ந்தபோது இண்டியம் கண்டுபிடிக்கப்பட்டது. 1875-இல் பிரான்சின் பியேர்ஃபிட் சுரங்கத்து ஸ்பாலரைட்டிலிருந்து வேதியியலாளர் லெகோக் த புவாபோத்ரான் காலியத்தைக் கண்டுபிடித்தார். இன்று மின்னணுத் தொழிலுக்குத் தேவைப்படும் ஜெர்மானியத்தைத் தேடுவோரும் இந்த வகைத் தாதுக்களைத்தான் திரும்பப் பார்க்கிறார்கள். சுரங்கம் நீரில் மூழ்கிய பிறகு, அலமாரிகளில் இருக்கும் துண்டுகளே ஆய்வாளருக்கு எஞ்சுபவை; எங்கிருந்து வந்தது என்று தெரியாத துண்டு அவருக்குப் பயன்படாது.

மெருகைப் பற்றிச் சில விவரங்கள் தெரிந்தால் ஏமாறாமல் இருக்கலாம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் கலீனாவின் கடினம் 2.5, ஸ்பாலரைட் 3.5 முதல் 4, மார்க்கசைட் 6 முதல் 6.5. இந்த மூன்றையும் ஒரே பரப்பில் தேய்க்கும்போது மெதுவானது குழியும், கடினமானது மேடாக நிற்கும். நல்ல கைவினைஞர் வைரப் பசையைக் கொண்டு, கடினமான துணித்தட்டில் பொறுமையாகத் தேய்த்து இந்த வேறுபாட்டைக் குறைப்பார். முழுவதுமாக நீக்குவது மிக அரிது. ஆகவே வெளிச்சத்தைச் சாய்வாக விழவிட்டுப் பார்க்கும்போது மார்க்கசைட் பட்டை மயிரிழை உயரமாகத் தெரிவது இயல்பான கைமெருகின் அடையாளம். பட்டைகள், துளைகள், டோலமைட் எல்லாவற்றின்மேலும் ஒரே சீரான பளபளப்பு நெடுகப் படர்ந்திருந்தால், மேலே எப்பாக்சிப் பிசினோ வார்னிஷோ பூசப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். புற ஊதா விளக்கில் பிசின் பெரும்பாலும் நீல வெண்மையாக ஒளிரும். பின்புறம் ஓரத்தில் அசிட்டோன் தொட்ட பஞ்சைத் தேய்த்தால் வார்னிஷ் பிசுபிசுக்கும், ஆனால் இறுகிய எப்பாக்சி அசையாது. உதிரும் தாதுவை வெட்டுவதற்குப் பிசின் ஊட்டுவது தவறான செயல் அன்று. விற்பவர் அதைச் சொல்ல வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு.

ஆக, உங்கள் இரண்டில் எது? படங்களும் இல்லாமல் விவரிப்பை மட்டும் வைத்துச் சொல்வதால் என் பதிலுக்கு எல்லை உண்டு. மார்க்கசைட் திடமாக இருக்குமானால், சீட்டுள்ள சிறிய துண்டையே வாங்குங்கள். பெரிய துண்டை விற்பவரிடம் அவர் யாரிடம் வாங்கினார், சுரங்கத்தின் பெயர் தெரியுமா, எந்த ஆண்டு வந்தது என்று கேளுங்கள்; ‘பொமோஜானி’ என்று எழுத்தில் தந்தால் அந்தத் துண்டின் நிலையும் மாறும். விலை ஏறுமா என்பதற்கு நேர்மையான விடை, அதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே. வரத்து நின்றது உண்மை. சுரங்கம் ஓடிய காலத்தில் வெளியேறிய பொருள் ஏராளம் என்பதும் உண்மை. முதலீடாக நினைத்து இதை வாங்க வேண்டாம்.

சென்னைக் காற்றைப் பற்றிய கேள்விதான் மூன்றிலும் முக்கியமானது. மார்க்கசைட்டும் நுண்மணிகளாலான பைரைட்டும் ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் வினைபுரிந்து இரும்பு சல்பேட்டையும் கந்தக அமிலத்தையும் தருகின்றன. சல்பேட்டுக்கு இடம் அதிகம் வேண்டியிருப்பதால் அது உள்ளிருந்து நெம்பிக் கல்லை விரிசல் காணச் செய்கிறது. அமிலமோ பக்கத்து ஸ்பாலரைட்டையும் டோலமைட்டையும் தின்று, பெட்டியையும் காகிதத்தையும் பொசுக்குகிறது. ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் இந்த வினை வேகமெடுக்கும். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி அதற்கு மேல்தான். வெண்மஞ்சள் பொடி, மயிர்போன்ற வெள்ளைப் படிகங்கள், மூக்கில் ஏறும் கந்தக நெடி, வெண்கலப் பட்டை ஓரமாக ஓடும் மயிரிழை விரிசல் ஆகியவை அறிகுறிகள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தத் துண்டை வாங்காதீர்கள். இவை எதுவும் இல்லாத மார்க்கசைட் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை முன்கூட்டியே கணிக்க நம்பகமான வழி இல்லை. மணியின் நுண்மை, துளைத்தன்மை, சுவடுத் தனிமங்கள் எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. ஒரே வெட்டிலிருந்து வந்த இரு பாதிகளில் ஒன்று உதிர்ந்து மற்றொன்று அப்படியே இருப்பதும் உண்டு.

காப்பதற்கான வழி எளிது, செலவும் குறைவு. ரப்பர் வளையம் வைத்த காற்றுப்புகாத பாலிபுரொப்பிலீன் டப்பா ஒன்றில் துண்டை வைத்து, அதனுடன் ஒரு சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானியையும் சிலிக்கா ஜெல் பையையும் போடுங்கள். அளவு 40 விழுக்காட்டுக்குக் கீழே நிற்க வேண்டும். மார்க்கசைட் அதிகமாக இருந்தால் 30-க்குக் கீழே. ஜெல் நிறம் மாறியதும் மின்சார அடுப்பில் (oven) 110 முதல் 120 பாகை செல்சியசில் சில மணி நேரம் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். நீல நிற ஜெல்லில் நச்சான கோபால்ட் குளோரைடு இருப்பதால் ஆரஞ்சு நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை எண்ணைப் பாருங்கள். சீட்டைக் கல்லோடு ஒரே டப்பாவில் வைக்காமல் தனி உறையில் வையுங்கள். இருபுறமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லின் பின்புறம் சிறு வெள்ளைப் பூச்சின்மேல் மையால் ஓர் எண்ணிட்டு, அதே எண்ணைச் சீட்டு உறையிலும் எழுதினால் இரண்டும் என்றைக்கும் பிரியாது.

செய்யக்கூடாதவையும் உண்டு. தண்ணீரில் கழுவாதீர்கள், தூசியை மெல்லிய உலர்ந்த தூரிகையால் தட்டினால் போதும். தேங்காய் எண்ணெய், மெழுகு, வார்னிஷ் எதுவும் இந்த வினையை நிறுத்தாது. பூச்சின் வழியாக ஈரமும் ஆக்சிஜனும் மெல்ல நுழைந்துவிடும், உண்டாகும் அமிலம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். வினை தொடங்கிவிட்ட துண்டை மற்றவற்றிலிருந்து பிரித்து, பொடியை உலர்ந்த நிலையில் நீக்கி, உலர்ந்த டப்பாவுக்குள் அடைத்துவிடுங்கள். அமோனியா ஆவியால் அமிலத்தை முறிக்கும் முறையை அருங்காட்சியகப் பாதுகாவலர்கள் கையாளுகிறார்கள். அதற்கு முறையான ஆய்வகக் காற்றோட்டம் வேண்டும். வீட்டில் முயல வேண்டாம்.

உடல்நலத்தைப் பற்றி ஒரு கண்டிப்பான சொல். கலீனா காரீயத் தாது. இந்த வகைத் தாதுவில் காட்மியம், ஆர்சனிக், தாலியம் ஆகியவையும் இருக்கும். வீஸ்லோக் தாது தாலியத்துக்குப் பெயர்போனது; ஒல்குஷ் வட்டாரத்திலும் அது உண்டு. மெருகேறிய துண்டைக் கையில் எடுத்துப் பார்ப்பதால் கெடுதல் இல்லை, பிறகு கைகழுவினால் போதும். ஆனால் இதைப் பதக்கமாக்கித் தோலோடு ஒட்ட அணிவதும், ‘ஆற்றல் நீர்’ என்று குடிநீரில் ஊறவைப்பதும் உண்மையான ஆபத்து. இப்படிப் பரிந்துரைக்கும் கடைகள் இருப்பதால்தான் சொல்கிறேன். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். உலர்ந்த நிலையில் ஒருபோதும் அறுக்கவோ தேய்க்கவோ கூடாது.

என்றாவது அந்தப் பக்கம் பயணம் போனால் பழைய கழிவு மேடுகளில் தாமே பொறுக்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். நில உரிமையாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் கூடாது. கெல்மிஸ், ஸ்டோல்பெர்க் மேடுகளில் இன்னொரு காரணமும் உண்டு: துத்தநாகம் மிகுந்த அந்த மண்ணில் மட்டுமே வளரும் மஞ்சள் நிறத் துத்தநாக வயலெட் செடிகளின் புல்வெளிகள் பாதுகாக்கப்பட்ட வாழிடங்கள். ஒரு துண்டுக் கல்லுக்காக அந்த மண்ணைக் கிளறுவதை என்னால் ஏற்க முடியாது. பழைய சேகரிப்புகள் கைமாறும்போது வாங்குவதே சரியான வழி.

கடைசியாக, மங்கிய மெருகைத் திரும்ப ஏற்றலாமா என்று நீங்கள் அடுத்துக் கேட்கக்கூடும். முதலில் சில மாதங்கள் உலர்ந்த டப்பாவில் வைத்து, வினை ஏதும் ஓடவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கலீனாவின் மேல் படர்ந்த மங்கல் மட்டுமே என்றால் மென்மையான உலர்ந்த துணியே பெரும்பாலும் போதும். அதற்கும் மேல் வேண்டுமானால் தாது வெட்டு செய்யப் பழகிய ஒருவரிடம் கொடுத்து, தண்ணீருக்குப் பதில் எண்ணெய் சார்ந்த வைரப் பசையால் மிகக் குறைவாகத் தேய்க்கச் சொல்லுங்கள். கொடுக்கும் முன் துண்டின் ஓரங்களையும் பின்புறத்தையும் லென்சால் தேடிப் பாருங்கள்: பழைய சேகரிப்புகளில் சிறு காகிதத் துணுக்கில் ஒட்டிய எண்ணோ, மையால் எழுதிய எண்ணோ அங்கேதான் இருக்கும், தேய்ப்பவரின் தட்டில் முதலில் அழிவதும் அதுதான்.